துவர்ப்பும் துறவும்

‘ஆஸ்டியர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்குக் கடும் எளிமையுடைய என்றும், கண்டிப்பு மிகுந்த என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன. எளிமைக்கும் கண்டிப்புக்கும் என்ன உறவு என மாணவர் வினவுவதுண்டு. விடை நாவில் இருக்கிறது.

அதன் மூலம் ‘அவுஸ்தெரோஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லாகும். நாவை உலர்த்திச் சுருங்கச் செய்யும் சுவையை அது குறித்தது. இலத்தீன், பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் புகுந்தபோது மனிதரின் இயல்பைக் குறிக்கலாயிற்று. தமிழருக்கு இது புதிதன்று. கடுக்காயின் சுவை துவர்; துறவியர் அணியும் காவியோ துவராடை. வடமொழிக் கஷாயமும் அவ்வாறே இரண்டையும் சுட்டும். ஈரம் துடைக்கும் துண்டைக் குமரி மாவட்டத்தார் துவர்த்து என்பர்!

இச்சொல்லின் இரு பொருளும் ஒருவரிடம் கூடியதைத் திண்டிவனம் வட்டாரம் கண்டது. ஓமந்தூரில் 1895இல் பிறந்த இராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாணப் பிரதமரானார். முதலமைச்சரை அந்நாளில் அவ்வாறே அழைத்தனர். வாழ்வில் எளியவர், கட்சிக்காரர் பரிந்துரைகளுக்கோ இடங்கொடாதவர். அவரது எளிமையைப் போற்றியவர்களுக்கே அவரது கண்டிப்பு துவர்த்தது. 1949 ஏப்ரலில் பதவி நீங்கினார். பின்னர் வடலூரில் வள்ளலார் நெறிப் பணிகளில் ஈடுபட்டு, 1970இல் மறைந்தார்.

அதே விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் சமண ஆசிரியரைப் பழங்கல்வெட்டொன்று நினைவுகூர்கிறது. நா உலர்தல் என்னும் மூலப்பொருளின் எல்லை அது.

நம் அரபு மொழியில் இதற்கு நேரான சொல் ‘ஜுஹ்து’. அதில் சுவை இல்லை, விலை இருக்கிறது. ‘ஜஹீத்’ என்றால் சொற்பம். துன்யாவைச் சொற்ப விலையுள்ளதாகக் கருதுபவரே ‘ஜாஹித்’. உடலை வாட்டுவது இங்கு அளவுகோல் அன்று. இஃப்தார் இன்றித் தொடர்ந்து நோன்பு நோற்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்குத் தடுத்தார்கள்.

இச்சொல்லின் வேர் திருமறையில் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது: யூசுஃப் அத்தியாயம், 20ஆம் வசனம். அங்கு அது புகழ்ச்சியும் அன்று. யூசுஃப் நபி (அலை) அவர்களைச் சில வெள்ளிக்காசுகளுக்கு விற்றவர்கள் அவர்கள் விஷயத்தில் ஜாஹித்களாக, அதாவது மதிப்பறியாதவர்களாக, இருந்தார்களாம். விற்றவர்கள் உடன்பிறந்தாரா, வணிகக் கூட்டத்தாரா என்பதில் விரிவுரையாளர்கள் இன்றும் ஒருமித்தாரில்லை.