உன்னைப் பற்றிச் சொல்: எம்.பி.ஏ. விண்ணப்பக் கட்டுரையின் கதை

எம்.பி.ஏ. படிக்க அமெரிக்கா போக நினைக்கும் நம்மூர் ஆட்களுக்கு ஜிமேட் பரீட்சை பெரிய விஷயமே இல்லை. கணக்கு தண்ணி பட்ட பாடு. இங்கிலீஷ் கொஞ்சம் இடிக்கும், மூன்று மாதம் உட்கார்ந்தால் அதுவும் வந்துவிடும். ஆனால் அப்ளிகேஷனில் அடுத்ததாக ஒரு பக்கம் வரும். "உங்களுக்கு எது மிக முக்கியம்? ஏன்?" என்று ஸ்டான்ஃபோர்டு பல வருடங்களாகக் கேட்டு வரும் கேள்வி இதில் ரொம்பப் பிரசித்தம். அங்கே பேனா நின்றுவிடும். பன்னிரண்டு வருடப் பள்ளிக்கூடத்திலும் நாலு வருட காலேஜிலும் யாருமே கேட்காத கேள்வி!

இப்படிக் கேட்கும் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், கதை கொஞ்சம் அசிங்கமான இடத்தில் போய் நிற்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹார்வர்டில் இளநிலைப் படிப்புக்குச் சேர நுழைவுத் தேர்வு எழுதினால் போதும். பாஸ் செய்தவருக்கு இடம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பையன்கள் நன்றாகப் படித்தார்கள், பாஸ் செய்தார்கள், சேர்ந்தார்கள். 1900-இல் ஹார்வர்டில் சுமார் 7 சதவீதமாக இருந்த யூத மாணவர்கள் 1922-இல் 21 சதவீதத்தைத் தாண்டினார்கள். அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்த லாரன்ஸ் லோவலுக்கு இது பொறுக்கவில்லை. 15 சதவீதம் என்று ஒரு உச்சவரம்பு வைக்கலாம் என்றார். பத்திரிகைகளில் பெரிய ரகளை ஆனது. 1923-இல் ஆசிரியர் குழுவும் அதை ஏற்கவில்லை.

முன்வாசல் அடைபட்டால் கொல்லைப்புறம் இருக்கிறதே! 1922 இலையுதிர் காலத்திலிருந்தே விண்ணப்பப் படிவத்தில் புதுக் கேள்விகள் முளைத்தன. இனம், நிறம் என்ன? மதம் என்ன? அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன? அப்பா எங்கே பிறந்தார்? உன் பெயரோ அப்பாவின் பெயரோ பிறந்ததிலிருந்து மாற்றப்பட்டிருக்கிறதா? (கடைசிக் கேள்விதான் விஷமத்தின் உச்சம். பெயரை மாற்றிக்கொண்டு தப்பிக்கப் பார்த்தவரையும் விடவில்லை.) பிறகு போட்டோ வந்தது, சிபாரிசுக் கடிதம் வந்தது. கூடவே தன்னைப் பற்றியும் தன் தலைமைப் பண்பைப் பற்றியும் எழுதும் கட்டுரையும் வந்தது. 1926 முதல் மதிப்பெண்ணோடு 'குணநலன்' என்ற ஒன்றும் கணக்கில் சேர்ந்தது. 1925-இல் 27 சதவீதத்தைத் தாண்டியிருந்த யூத மாணவர் எண்ணிக்கை, 1930களின் தொடக்கத்தில் ஏறக்குறைய 15-க்கு இறங்கியது. லோவல் வாய்விட்டுக் கேட்ட அதே எண்! ஜெரோம் கேரபெல் என்ற சமூகவியலாளர் 2005-இல் வெளியிட்ட 'தி சோசன்' புத்தகத்தில் இதையெல்லாம் ஆவணங்களோடு விரிவாகப் போட்டு உடைத்திருக்கிறார்.

மதிப்பெண்ணை எண்ணிப் பார்க்கலாம், ஏன் குறைந்தது என்று கேட்கலாம். குணநலனை யார் எண்ணுவது? யார் கேள்வி கேட்பது? லோவலுக்கு அந்த வசதிதான் வேண்டியிருந்தது.

சரி, இது இளநிலைப் படிப்பின் கதை. பிஸினஸ் ஸ்கூல் விஷயத்துக்கு வருவோம். வார்ட்டன் 1881-இல் வந்தது. டார்ட்மத்தின் டக் ஸ்கூல் 1900-இல். ஹார்வர்டு 1908-இல் எம்.பி.ஏ. பட்டத்தைத் தொடங்கியது. ஆரம்பத்தில் பிஸினஸ் ஒரு படிப்பா என்று கிண்டல் செய்த காலம், ஆகவே வடிகட்டுவதற்குப் பெரிய தேவை இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள் அரசாங்கச் செலவில் படிக்கக் குவிந்த பிறகுதான் நிலைமை மாறியது. 1953-இல் ஒன்பது பிஸினஸ் ஸ்கூல்களின் பிரதிநிதிகள் கூடிப் பேசி ஒரு பொதுத் தேர்வுக்கு ஏற்பாடு செய்தார்கள். 1954-இல் முதல் தேர்வு நடந்தது. 1976-இல் அதற்கு ஜிமேட் என்று பெயர் வைத்தார்கள்.

பிஸினஸ் ஸ்கூலில் கட்டுரைக்கு வேறொரு நியாயம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஒரு மேனேஜருக்கு ஜாமெட்ரி எவ்வளவு தெரியும் என்பதை வைத்து அவர் ஆட்களை வைத்து வேலை வாங்குவாரா என்று சொல்ல முடியாது. ஹார்வர்டு பிஸினஸ் ஸ்கூல் 1980களின் நடுவில் ஜிமேட்டே வேண்டாம் என்று தூக்கிப் போட்டது. பத்து வருடம் போல அப்படியே ஓட்டிவிட்டு 1990களின் நடுவில் மறுபடி கொண்டுவந்தது. இடைப்பட்ட காலத்தில் கட்டுரையின் எடை எவ்வளவு கூடியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் கட்டுரை ஆளைக் காட்டுமா? என்ரான் புகழ் ஜெஃப் ஸ்கில்லிங் ஹார்வர்டில் 1979-இல் எம்.பி.ஏ. முடித்தவர், வகுப்பில் முதல் வரிசை. சேர்க்கை நேர்காணலில் "நீ புத்திசாலியா?" என்று கேட்டதற்கு, கெட்ட வார்த்தை ஒன்றைச் சேர்த்து "படு புத்திசாலி" என்று பதில் சொன்னாராம். என்ரான் பற்றிய புத்தகங்களில் வரும் கதை. இடம் கிடைத்தது. 2006-இல் மோசடி வழக்கில் தண்டனையும் கிடைத்தது.

இதைவிட வேடிக்கை பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ஸ்மீல் பிஸினஸ் ஸ்கூலில் நடந்தது. நேர்மையான தலைமை என்ற தலைப்பில் கட்டுரை கேட்டார்கள். 2010 வாக்கில் காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் அவற்றைப் போட்டுப் பார்த்தால் 29 பேர் மாட்டினார்கள். நேர்மையைப் பற்றித் திருட்டுக் கட்டுரை :-)

அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய? கேள்வி என்று ஒன்று இருந்தால் நோட்ஸ் என்று ஒன்று வரத்தானே செய்யும். 2004-இல் ஹார்வர்டு பிஸினஸ் ஸ்கூல் மாணவர் பத்திரிகையான 'ஹார்பஸ்'காரர்களே, வெற்றி பெற்ற 65 கட்டுரைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டார்கள். கட்டுரையைத் திருத்தித் தர ஆலோசகர்கள் வந்தார்கள். பதிலுக்குப் பள்ளிகள் கேள்வியை மாற்றின. 2007-இல் சிகாகோ நாலு பவர்பாயிண்ட் ஸ்லைடு கேட்டது. 2011-இல் அயோவாவில் ஒரு கட்டுரைக்குப் பதில் 140 எழுத்தில் ட்வீட் போடச் சொன்னார்கள். 2013-இல் ஹார்வர்டு ஒரே ஒரு கட்டுரை, அதுவும் விருப்பமிருந்தால் எழுதலாம் என்றது. 'விருப்பமிருந்தால்' என்பதை நம்பி எழுதாமல் விட யாருக்கு தைரியம் வரும்?

இந்தியாவில் அகமதாபாத் ஐ.ஐ.எம். 1961-இல் ஹார்வர்டின் உதவியோடுதான் தொடங்கியது. அங்கிருந்து கேஸ் ஸ்டடி முறை வந்து ஒட்டிக்கொண்டது, வாசலில் நின்றதோ கேட் தேர்வுதான். ஹைதராபாத்தில் ஐ.எஸ்.பி. 2001-இல் முதல் வகுப்பைத் தொடங்கியபோது ஜிமேட்டும் கட்டுரையும் கையோடு வந்தன. தன்னைப் புகழ்வது குற்றம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது கஷ்டம்தான். ஆனால் நன்னூலில் பவணந்தி முனிவர் நாலு இடங்களில் தற்புகழ்ச்சிக்கு அனுமதி தருகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் திறமை தெரியாதவர்கள் நடுவில் இருக்கும்போது என்பவை அவற்றில் இரண்டு. அட்மிஷன் கமிட்டிக்கு இரண்டுமே பொருந்தும்!

கதை 2023 ஜூனில் ஒரு சுற்று சுற்றி ஹார்வர்டுக்கே திரும்பியது. ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு 'ஆளுமை' மதிப்பெண்ணைக் குறைத்துப் போடுகிறார்கள் என்பது அங்கே பல வருடம் நடந்த வழக்கில் ஒரு முக்கியக் குற்றச்சாட்டு. கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முன் யூதர்கள் கேட்டிருக்க வேண்டிய அதே கேள்வி. மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று ஒரு மாணவர் எழுதினால், அதில் தெரியும் தனிமனிதத் துணிவையும் திறமையையும் பார்க்கலாம் என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார். அதையே கொல்லைப்புற வழியாக்கிவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார். ஆளை வெளியே நிறுத்தப் பயன்பட்ட கட்டுரை, இப்போது உள்ளே வர மிச்சமிருக்கும் வழிகளில் ஒன்று.

அதே வருடக் கடைசியில் வந்த புதிய ஜிமேட்டில், 1994 முதல் இருந்த கட்டுரைப் பகுதியை எடுத்துவிட்டார்கள். ஹார்வர்டு பிஸினஸ் ஸ்கூல் 2024-இல் தன் ஒற்றைக் கட்டுரையைக் கைவிட்டு மூன்று சின்னக் கேள்விகளைப் போட்டது. 300, 250, 250 வார்த்தைகள். இரண்டாவது கேள்வி, தலைமைப் பண்பைப் பற்றி.