சாபு

சாபு (27 ஜனவரி 1924 – 2 டிசம்பர் 1963): பிரிட்டிஷ், அமெரிக்கத் திரைப்படங்களில் நாயகனாக நடித்த இந்தியர். பழைய மைசூர் சமஸ்தானத்தின் காரப்பூரில் பிறந்தவர். சாபு தஸ்தகீர் என்றும் குறிப்பிடப்படுவார்.

இளமையும் முதல் படமும்

தந்தை மகாராஜாவின் யானைப்பாகர். சிறுவயதிலேயே அவரை இழந்த சாபு அரண்மனை யானைக் கொட்டிலில் வளர்ந்தார். காரப்பூரை அடுத்த காக்கனகோட்டைக் காடு 1971 வரை நடந்த ‘கெட்டா’வுக்குப் பேர்போனது. காட்டு யானைக் கூட்டத்தைக் கபினி ஆற்றைக் கடக்கவைத்து மரவேலிக்குள் அடைத்துப் பிடித்த முறை இது. பிடிபட்டவற்றைக் கும்கிகளைக் (பழக்கப்பட்ட யானைகள்) கொண்டு பாகர்கள் பழக்கினர்.

கிப்ளிங் கதையொன்றைப் படமாக்க இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி 1935இல் மைசூர் வந்தார். அவருடைய ஒளிப்பதிவாளர் ஆஸ்மண்ட் போரடேல் கொட்டிலில் சாபுவைக் கண்டார். ‘எலிஃபன்ட் பாய்’ (1937) படத்தில் ஐராவதா என்ற யானையின் பிடரியில் அமர்ந்து வெறுங்காலாலேயே அதைச் செலுத்துகிறான் அச்சிறுவன். எந்த நடிப்புப் பள்ளியும் தராத லாவகம் அது. இப்படத்துக்காக ஃபிளாஹெர்ட்டியும் அவருடன் சேர்ந்து இயக்கிய சோல்டன் கோர்டாவும் வெனிஸ் திரைப்பட விழாவில் சிறந்த இயக்கத்துக்கான பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

பிற படங்கள்

லண்டன் சென்ற சாபு, ‘தி டிரம்’ (1938) படத்தில் இளவரசனாக நடித்தார். பிரிட்டிஷ் பேரரசின் புகழ் பாடிய இப்படத்துக்குப் பம்பாயிலும் சென்னையிலும் கடும் எதிர்ப்பு எழுந்தது. ‘தி தீஃப் ஆஃப் பாக்தாத்’தில் (1940) அவர் ஏற்ற குறும்புத் திருடன் வேடமே அவருடைய நடிப்பின் உச்சம். ‘ஜங்கிள் புக்’கில் (1942) மௌக்லியாக நடித்தபின் ஹாலிவுட் அவரைப் பெரும்பாலும் கற்பனை உலகக் கதைகளிலேயே முடக்கியது. ‘பிளாக் நார்சிஸஸ்’ (1947) விதிவிலக்கு. இமயமலைக் கதையான அப்படம் இங்கிலாந்தில் எடுக்கப்பட்டது. இந்தியப் பெண்ணாக ஜீன் சிம்மன்ஸ் நிறம் பூசி நடிக்க, இளம் ஜெனரலாக நடித்தவர் சாபு.

போரும் பிற்காலமும்

1944இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று, பசிபிக் போர்முனையில் பி-24 குண்டுவீச்சு விமானத்தின் வால்பகுதித் துப்பாக்கி வீரராகப் பணியாற்றி, சிறப்புப் பறத்தல் சிலுவை விருது பெற்றார். போருக்குப்பின் தகுந்த வேடங்கள் அருகின. 1950களின் தொடக்கத்தில் லண்டன் ஹாரிங்கே அரங்கின் சர்க்கஸில் யானைகளுடன் தோன்றினார். 39 வயதில் கலிபோர்னியாவில் மாரடைப்பால் இறந்தார். போரில் பதக்கம் பெற்ற பிறகும் அவரை ‘யானைப் பையன்’ வேடத்துக்கு அப்பால் வளரவிடாதது திரையுலகம் இழைத்த அநீதி.

இவருடைய மூன்று படங்கள் 2011இல் ஒரே டிவிடித் தொகுப்பாக வெளிவந்தன.