மாத்திரை சாப்பிட்ட அலுமினியம்

எங்க ஸ்ரீரங்கம் வீட்டு இட்லிப் பானை அலுமினியம். அம்மா அதை 'ஈயப் பாத்திரம்'னுதான் சொல்லுவாங்க (ஈயத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது!). அந்த உலோகத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டுன்னு தெரிஞ்சது, திருச்சியில ஒரு சின்ன ஃபவுண்டரிக்குப் பயிற்சிக்குப் போனப்பதான்.

ஐப்பசி மாசம். இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம், மேலே அடைமழை. வார்த்த பாகங்களைக் கடைசல் பிடிச்சா, உள்ளே ஊசி குத்தின மாதிரி ஓட்டைகள். மண்ணு சரியில்லை, அச்சு சரியில்லைன்னு ஆளாளுக்குப் பழி போட்டோம். உலையைப் பாத்துக்கிட்ட பெரியவர் மட்டும், "தம்பி, தப்பு மண்ணுல இல்ல, ஈரத்துல"ன்னார்.

அவர் சொன்னதுதான் சரி. உருகின அலுமினியம் ஈரத்தைக் கண்டா அதுல இருக்கிற ஆக்சிஜனைப் பிடிச்சுக்கிட்டு ஆக்சைடாகும். மிச்சமாகிற ஹைட்ரஜன் உலோகத்துக்குள்ளேயே கரைஞ்சிடும். 660 டிகிரியில இறுகும்போது, கரைஞ்சதுல சுமார் 20ல் ஒரு பங்கைத்தான் திட அலுமினியத்தால வச்சுக்க முடியும். மத்தது வெளியேற வழியில்லாம குமிழியா நின்னுடும்.

கொஞ்சம் சரித்திரம். 1886ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியா, மின்சாரத்தால அலுமினியம் பிரிக்கிற வழியைக் கண்டுபிடிச்சாங்க. விலை சரிஞ்சது. 1898ல் ஆல்பிரட் சாட்டர்டன், சென்னை கலைப்பள்ளியில அலுமினியப் பாத்திர வேலையைத் தொடங்கி வச்சார். 1965ல் நம்ம காவிரிக்கரை மேட்டூரிலேயே மால்கோ ஆலை அலுமினியம் எடுக்க ஆரம்பிச்சது (அந்த உருக்காலை 2008ல் நின்னு போச்சு).

பானைக்கு ஊசி ஓட்டை பெரிய விஷயமில்லை. இன்ஜின் பாகத்துக்கு அப்படி இல்லையே... அதனால வாயுவை விரட்ட வழி தேடினாங்க. முதல்ல குழாய் வழியா குளோரின் வாயு. அப்புறம் ஹெக்சாகுளோரோஈத்தேன் மாத்திரை. மாத்திரையை உலோகத்துக்கு அடியில அமுக்கினா குமிழி குமிழியா கிளம்பும். அந்தக் குமிழிக்குள்ள ஹைட்ரஜன் புகுந்து வெளியே வந்துடும். ஆக்சைடு அழுக்கும் கூடவே மேலே மிதந்து கசடா சேரும். வழிச்சு எடுக்க வேண்டியதுதான்.

எங்க ஃபவுண்டரியில அந்த மாத்திரைதான். கரண்டியைக் காய வச்சு, மாத்திரை டப்பாவை ஈரம் படாம மூடி வச்சு ஒழுங்கா செஞ்சதும் ஓட்டை குறைஞ்சது. எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா மாத்திரை போடும்போதெல்லாம் வெள்ளைப் புகை, பிளீச்சிங் பவுடர் நெடி. பெரியவர் துண்டை மூக்குல சுத்திக்கிட்டு நிப்பார். மதியம் சாப்பிட உக்காந்தா இருமல் நிக்காது. "பழகிடுச்சு தம்பி"ம்பார். நானும் அதை நம்பினேன். ஓட்டையை எண்ணினேன், இருமலை எண்ணலை.

1997ல் ஐரோப்பிய ஒன்றியம், உலோக வேலையில இந்த மாத்திரைக்குத் தடை போட்டுச்சுன்னு ரொம்ப நாள் கழிச்சுத்தான் படிச்சேன். இப்போ சுழலும் தண்டு வழியா நைட்ரஜனையோ ஆர்கானையோ பொடிப்பொடிக் குமிழியா விடுறாங்க. அழுக்குக்குப் பீங்கான் நுரை வடிகட்டி. நெடியே கிடையாது.

ஐப்பசி மழை வந்தா அந்தத் துண்டு ஞாபகம் வருது. உங்க ஊர் ஃபவுண்டரியில இன்னும் மாத்திரைதானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.