பொய் எழுதிய பதிவேடும் உண்மை எழுதிய பதிவேடும்



"கொலஸ்ட்ரோல் குளிசை குடித்தால் மூளை பழுதாகும்" என்று ஒரு குரல் பதிவு வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதைக் கேட்டு நம் ஊரில் சிலர் குளிசையை நிறுத்தியும் விட்டார்கள். இந்தப் பயத்தோடு தொடர்புள்ள ஒரு பழைய வரலாறு இருக்கிறது. அதைச் சரியாகத் தெரிந்துகொள்வோம்.

1960இல் அமெரிக்காவில் மெரல் கம்பனி 'மெர் 29' என்ற மருந்தை விற்பனைக்கு விட்டது. அதன் மருத்துவப் பெயர் ட்ரிபரனோல். நமது உடம்பு கொலஸ்ட்ரோலைப் பல படிகளில் தயாரிக்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதியம் உண்டு. இந்த மருந்து கடைசிப் படி நொதியத்தைத் தடுத்தது. கொலஸ்ட்ரோல் குறைந்தது உண்மைதான். ஆனால் அதற்கு முந்திய பொருளான டெஸ்மோஸ்டெரோல் உடம்பில் தேங்கியது. இலட்சக்கணக்கானோர் குடித்தார்கள். சிலருக்கு முடி கொட்டியது, கண்ணில் புரை விழுந்தது.

கம்பனியின் ஆய்வுகூடத்தில் குரங்குகளின் பதிவுகளை மாற்றி எழுதும்படி ஒரு பெண் ஊழியருக்குச் சொல்லப்பட்டிருந்தது. அவர் வேலையை விட்டார். பின்னர் அவருடைய கணவர், வேலைக்குப் போகும் காரில் கூடவே பயணித்த அரச மருந்துப் பரிசோதகர் ஒருவரிடம் இதைச் சொன்னார். விசாரணை வந்தது. 1962 ஏப்ரலில் மருந்து மீளப் பெறப்பட்டது. 1964இல் விதிக்கப்பட்ட அபராதம் மொத்தம் 80,000 டொலர்.

மூளையின் கதை இனித்தான். உடம்பின் நிறையில் மூளை ஏறத்தாழ 2 வீதம். ஆனால் உடம்பிலுள்ள கொலஸ்ட்ரோலில் கால்வாசியளவு அங்கேதான் இருக்கிறது. அதை மூளை இரத்தத்திலிருந்து எடுப்பதில்லை, தானே செய்துகொள்கிறது. ட்ரிபரனோல் கொடுத்த எலிக்குட்டிகளின் மூளையிலும் டெஸ்மோஸ்டெரோல் சேர்ந்தது. 1964இல் பிரான்ஸில் ரூ என்ற ஆய்வாளர் கருவுற்ற எலிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார். சில குட்டிகளின் முன்மூளை இரண்டாகப் பிரியாமலே உருவாகியிருந்தது. கண்டதை அப்படியே எழுதி வைத்தார். 1993இல், கொலஸ்ட்ரோல் தயாரிக்கும் இன்னொரு நொதியம் பிறவியிலேயே குறைந்த குழந்தைகளின் நோய்க்குக் காரணம் தெரிந்தபோது, அந்தக் காலத்து எலி ஆய்வுகளை அறிஞர்கள் மீண்டும் புரட்டினார்கள்.

இன்று நமக்குத் தரும் ஸ்டாட்டின் குளிசை வேறு. அது தொடக்கத்துப் படியொன்றில் தடுப்பதால் டெஸ்மோஸ்டெரோல் தேங்குவதில்லை. கர்ப்பிணிகள் மட்டும் கட்டாயம் வைத்தியரிடம் கேட்க வேண்டும். மற்றவர்களும் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

ஆய்வுகூடப் பதிவேடு ஓர் அமானிதம். நாம் மற்றவருக்கு அனுப்பும் குரல் பதிவும் அப்படித்தான். விசாரித்துவிட்டு அனுப்புவோம்.