டோனர் கல்லீரலில் கொழுப்பு: ஊசியிலிருந்து ஸ்கேன் வரை

"அப்பாவுக்கு நான் கல்லீரல் தர்றேன் டாக்டர்" என்று வந்த 29 வயதுத் தம்பியிடம், ஸ்கேன் முடிந்ததும் "இப்போதைக்கு முடியாதுப்பா" என்று சொல்ல வேண்டியிருந்தது. குடிப்பழக்கம் இல்லை. ரத்தப் பரிசோதனை நார்மல். ஆனால் சிடியில் கல்லீரல், மண்ணீரலைவிடக் கறுத்துத் தெரிந்தது.

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்லையே சார், ஒரு படத்தை வச்சு எப்படிச் சொல்றீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

மனிதருக்கு முதல் கல்லீரல் மாற்றைச் செய்தவர் தாமஸ் ஸ்டார்சல். ஆண்டு 1963, ஊர் அமெரிக்காவின் டென்வர். கல்லீரல் வந்தது இறந்தவர்களிடமிருந்து. உயிரோடு இருப்பவரிடம் ஒரு துண்டு வாங்கலாம் என்று பிரேசிலின் சாவ் பாவ்லோவில் துணிந்தது 1988இல். 1989இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரஸ்ஸல் ஸ்ட்ராங், ஒரு ஜப்பானியத் தாயின் கல்லீரல் துண்டை மகனுக்கு வைத்தார். அது வெற்றி. இந்தியாவில் 1998, டெல்லி. காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு அப்பா கொடுத்தார். அந்தக் குழந்தை பிறகு படித்து டாக்டரானது தனிக்கதை!

குழந்தைக்கு இடது ஓரத் துண்டு போதும். பெரியவருக்குப் போதாது. ஜப்பானில் மூளைச்சாவு உறுப்புதானத்துக்கான சட்டமே 1997இல்தான் வந்தது. அதனால் உயிருள்ளவரை நம்பித்தான் ஆகணும். 1990களில் ஜப்பானும் ஹாங்காங்கும் வலது பாகத்தையே எடுக்கத் தொடங்கின. அது மொத்தக் கல்லீரலில் ஏறக்குறைய 60 சதவீதம்.

கொழுப்பு பெரிய விஷயமானது இங்கேதான். ஒரு கல்லீரலை வைத்து ரெண்டு பேர் பிழைக்கணும். டோனரிடம் குறைந்தது 30 முதல் 35 சதவீதம் மிஞ்ச வேண்டும். ஆனால் அந்த எடையில் கொழுப்பும் சேர்ந்துதானே இருக்கு? அது வேலை செய்யாத எடை. போதாததற்கு, ரத்தம் நின்று மறுபடி பாயும் அதிர்ச்சியைக் கொழுப்பேறிய செல்கள் தாங்குவதில்லை.

அப்போ கொழுப்பை எப்படி அளப்பது? ஊசி குத்தி பயாப்ஸி. வரும் துணுக்கு, கல்லீரலில் சுமார் 50,000இல் ஒரு பங்கு. அதற்கும் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. நோயாளி என்றால் சரி. டோனருக்கோ நோயே இல்லை. அடுத்தவருக்காக வந்து படுத்திருப்பவர்.

விடை ஏற்கெனவே ஸ்கேன் அறையில் இருந்தது. 1971இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சிடி எடுக்க வைத்த ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில் ஓர் அளவுகோல் உண்டு. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000, கொழுப்பு மைனஸ் 100ஐ ஒட்டி. நல்ல கல்லீரல் 60 சொச்சம். கொழுப்பு ஏற ஏற எண் இறங்கும், படம் கறுக்கும். (அல்ட்ராசவுண்டில் நேர்மாறு, வெள்ளையாகும். மருத்துவ மாணவர்கள் வைவாவில் மாட்டுவது இதில்தான்.)

பக்கத்திலேயே மண்ணீரல் இருப்பது நம் அதிர்ஷ்டம். அதில் கொழுப்பு சேராது. ஆரோக்கியமான கல்லீரல் அதைவிடச் சுமார் 10 அலகு கூடுதலாக இருக்கும். லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர்கள் 2004இல் டோனர்களின் சிடியையும் பயாப்ஸியையும் ஒப்பிட்டார்கள். கல்லீரல் 10 அலகுக்கு மேல் கீழே போயிருந்தால் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2006இல் சியோலில் 154 டோனர்களிடம் பார்த்ததிலும், அதிகக் கொழுப்பை சிடி நன்றாகவே பிடித்தது.

ஆனால் லேசான கொழுப்பை சிடி கோட்டை விடும். இரும்புச்சத்து படிந்திருந்தாலும் ஏமாறும். அங்கே கைகொடுப்பது எம்ஆர்ஐ. 1984இல் டிக்சன் என்பவர் சொன்ன யோசனை அழகானது. தண்ணீரின் ஹைட்ரஜனும் கொழுப்பின் ஹைட்ரஜனும் கொஞ்சம் வேகம் மாறி ஆடும் இரண்டு ஊஞ்சல்கள் மாதிரி. ஒன்றாகப் போகும்போது ஒரு படம், எதிரெதிராகப் போகும்போது ஒரு படம். முதலாவது கூட்டல், இரண்டாவது கழித்தல். இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் கொழுப்பின் பங்கு கிடைத்துவிடும். இன்று இதே வழி இன்னும் திருத்தமாகி, கல்லீரல் முழுக்க சதவீதமாகவே தருகிறது. சந்தேகம் தீராதவர்களுக்கு மட்டும் ஊசி என்ற நிலைக்குப் பல மையங்கள் வந்துவிட்டன.

இதில் இன்னொரு லாபம், ஊசி இல்லாமலே திரும்பத் திரும்ப அளக்கலாம். "முடியாது" என்பது "இப்போ முடியாது" ஆனது. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் கொழுப்புள்ள டோனர்களுக்குத் தினம் 1000 கலோரி உணவு, உடற்பயிற்சி, மாத்திரை கொடுத்து, சில வாரங்களிலேயே கொழுப்பைக் குறைத்து, பிறகு டோனராக ஏற்றதை 2005இல் எழுதினார்கள்.

நம்ம தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன், மாத்திரை மட்டும் இல்லை. பரோட்டா, பாட்டில் பானம் கட். காலையும் மாலையும் நடை. பத்து வாரத்தில் 8 கிலோ குறைத்து வந்தார். எம்ஆர்ஐயில் கொழுப்பு 5 சதவீதத்துக்குக் கீழே. அந்தப் பத்து வாரத்தில் அப்பாவுக்கு வயிற்று நீரை மூன்று முறை எடுக்க வேண்டியிருந்தது. மூன்று முறையும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "இன்னும் எத்தனை கிலோ சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார் மகன்.