தரங்கிணி சுற்றிய கடல்

ராணிப்பேட்டை மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. ஆனாலும் கடற்படை இங்கே இருக்கிறது. அரக்கோணத்தில் 1992-இல் தொடங்கிய ராஜாளி தளத்திலிருந்து கண்காணிப்பு விமானங்கள் வங்கக் கடலுக்குப் பறந்துபோய் வருகின்றன. அதே கடற்படை, காற்றை நம்பி ஓடும் கப்பல் ஒன்றையும் வைத்திருக்கிறது. பெயர் தரங்கிணி.

அது கட்டப்பட்டது கோவா கப்பல் தளத்தில். வடிவமைத்தவர் பிரிட்டனின் காலின் மூடி. உடற்குறை உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து ஓட்டுவதற்காக அவர் ஏற்கெனவே வரைந்திருந்த 'லார்ட் நெல்சன்' கப்பல்தான் இதற்கு முன்மாதிரி. 1995 டிசம்பரில் நீரில் இறங்கிய தரங்கிணி, 1997 நவம்பர் 11 அன்று கடற்படையில் சேர்ந்தது. 54 மீட்டர் நீளம், 3 பாய்மரங்கள், 20 பாய்கள். இயந்திரமும் உண்டு.

2003 ஜனவரியில் கொச்சியிலிருந்து கிளம்பி சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அட்லாண்டிக் எனப் போனது. வட அமெரிக்காவின் பேரேரிகள் வரை உள்ளே நுழைந்தது. கடலைவிட்டு வெகுதூரம் தள்ளியிருக்கும் நன்னீர் ஏரிக்கரை மக்கள் இந்தியக் கொடியோடு ஒரு பாய்மரக் கப்பலைக் கண்டார்கள். அந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். பிறகு பனாமா வழியாகப் பசிபிக்கைக் கடந்து 2004-இல் ஊர் திரும்பியது. இந்தியக் கடற்படைக் கப்பல் ஒன்று உலகைச் சுற்றிவந்தது அதுவே முதல் முறை.

பெயர் வாங்கித் தந்தது அந்தப் பயணம்தான். ஆனால் கொச்சியிலிருந்து ஓசையில்லாமல் நடக்கும் பயிற்சி ஓட்டங்களே இந்தக் கப்பலின் பெரிய வேலை என்பேன். ஒரு தடவைக்கு முப்பது இளம் பயிற்சியாளர்கள் வரை ஏறுகிறார்கள். முன் இரண்டு மரங்களிலும் குறுக்குத் தண்டுகளில் பாய்கள் தொங்கும். அவற்றைச் சுருட்ட வேண்டுமானால் மேலே ஏறி, தண்டுக்குக் கீழே ஓடும் கயிற்றில் கால் ஊன்றி, தண்டின்மேல் வயிற்றைச் சாய்த்துக் கொண்டு துணியைக் கைகளால் அள்ள வேண்டும். ஒருவர் கயிற்றில் கால் வைத்தால் பக்கத்தில் நிற்பவர் காலடியும் ஆடும். அதனால் குரல் கொடுத்துவிட்டே ஏறுவார்கள். திசை மாற்றும்போது கீழே நிற்பவர்கள் கயிறுகளை ஒரே மூச்சில் இழுத்தால்தான் தண்டுகள் ஒன்றாகத் திரும்பும். ஒரு குழு பிந்தினால் பாய் காற்றைத் தவறவிடும், கப்பல் வேகமிழந்து நிற்கும். தவறு அங்கேயே, எல்லோர் கண்ணெதிரிலும் தெரிந்துவிடும். எந்தக் கணினித் திரையும் இதை இப்படிக் கற்றுத் தராது. பின்னாளில் ஏவுகணைக் கப்பலை நடத்தப் போகிறவருக்கும் காற்று எந்தப் பக்கம் மாறுகிறது என்று தோலால் உணரத் தெரிய வேண்டும். இதைப் பழமை மோகம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இத்தகைய கப்பற்பாய்களைத் தைப்பவர்கள் தடித்த துணியில் ஊசியைத் தள்ள உள்ளங்கையில் ஒரு தோல் பட்டை மாட்டிக்கொள்வார்கள். உலோக வில்லை பதித்த அந்தப் பட்டையைப் பார்த்தால், தோல் தைத்துப் பழகிய ஆம்பூர், ராணிப்பேட்டைக் கைகளுக்கு அதன் பயன் சொல்லாமலே புரியும்.

தரங்கிணி 2018-இலும் ஐரோப்பா சென்று பாய்மரக் கப்பல் பந்தயங்களில் கலந்துகொண்டது. அதற்குள் அதே கோவா தளத்தில் அதற்கொரு தங்கை கட்டப்பட்டு, 2012 ஜனவரியில் கடற்படையில் சேர்ந்திருந்தது. சுதர்சினி என்ற அந்தக் கப்பல், அதே ஆண்டு செப்டம்பரில் பயிற்சியாளர்களோடு கொச்சியிலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் பாய் விரித்தது.