பதின்ம வயதும் கலைப் பயிற்சியும் : ஒரு வரலாற்று நோக்கு

இயல், இசை, நாடகம் என முத்தமிழாய்ப் பகுத்து மொழியைப் போற்றிய நம் முன்னோர், கலையை வெறும் பொழுதுபோக்காகக் கருதினாரல்லர். அதனைக் கற்றற்குரிய பருவம் யாது, கற்பிக்கும் ஆசான் எத்தகையராய் இருத்தல் வேண்டும் என்பனவற்றையும் ஆராய்ந்து வரையறுத்துள்ளனர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இதற்குச் சிறந்த சான்றாகும். மாதவி ஐந்தாம் வயதில் பயிற்சியைத் தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் அவையில் அரங்கேறினாள் என்று இளங்கோவடிகள் கூறுகின்றார். ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவர் இலக்கணமும் ஆங்கு விரித்துரைக்கப்பட்டுள்ளது. ஒரு சிறுமியின் பயிற்சிக்குப் பின்னே எத்துணைப் பேர் உழைத்தல் வேண்டும் என்பதை இஃது உணர்த்துகின்றது.

மாதவி பயிற்சியை முடித்த அப்பன்னிரண்டாம் வயது, இன்று நம் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியை முடித்து உயர்நிலைப் பள்ளியில் அடியெடுத்து வைக்கும் வயதாகும். அவ்வயது முதல் பதினேழு வயது வரையுள்ள மாணவர்க்கு இசையும் கூத்தும் எவ்வாறு கற்பிக்கப்பட்டு வந்தன என்பதைச் சிறிது நோக்குவோம்.

பண்டைக் காலத்தில் கலைக்கு இருப்பிடமாய் விளங்கியவை திருக்கோயில்களே. 1010 ஆம் ஆண்டில் நிறைவுற்ற தஞ்சைப் பெருவுடையார் கோயிலில், திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய 48 பிடாரரையும், அவர்களுக்கு உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இருவரையும் மாமன்னன் இராசராசன் அமர்த்தினான். ஆடல் மகளிர் 400 பேரைக் குடியமர்த்தி, ஒவ்வொருவருக்கும் வீடும் நெல்லும் வழங்கினான். இவையனைத்தும் கல்வெட்டில் பொறிக்கப்பட்டுள்ளன. கலைஞனின் வாழ்வுக்கு வழி செய்தமையால், கலை தாயிடமிருந்து மகளுக்கும், தந்தையிடமிருந்து மகனுக்கும் தடையின்றிச் சென்றது. எனினும் அக்குடியிற் பிறவாதார் அதனைக் கற்கும் வாய்ப்பு அரிதாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் ஆடல் நிகழ்ச்சியை அலாரிப்பு, ஜதீஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என ஒழுங்குபடுத்தினர். இசையிலோ சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம் என்னும் படிமுறை நிலைபெற்றிருந்தது. எளியதிலிருந்து அரியதற்கு மாணவனை அழைத்துச் செல்லும் இம்முறை, வகுப்பறை முறைக்குப் பிற்காலத்தில் எளிதிற் பொருந்தியது.

கோயிலுக்கு வெளியே கலை பயிற்றிய மற்றோர் இடம் 'பாய்ஸ் கம்பெனி' எனப்பட்ட சிறுவர் நாடகக் குழுவாகும். தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918 இல் மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை'யை நிறுவினார். பின்னாளில் அவ்வை சண்முகம் எனப் போற்றப்பெற்ற தி. க. சண்முகம் ஆறு வயதுச் சிறுவனாக, தம் உடன்பிறந்தாருடன் அதிற் சேர்ந்தார். பாட்டு, வசனம், தாளம், அவையில் நிற்கும் துணிவு ஆகிய அனைத்தும் அங்கே கற்பிக்கப்பட்டன. ஆனால் அச்சிறுவர்கள் பள்ளிக்குச் செல்ல இயலவில்லை. ஊர் ஊராகச் சுற்றும் வாழ்வே அவர்தம் கல்வியாயிற்று. மேலும், பருவம் எய்துங்கால் குரல் உடையும் 'மகரக்கட்டு' வந்துவிட்டால், நேற்றுவரை முதன்மை வேடம் ஏற்றுப் பாடிய சிறுவன் அவ்விடத்தை இழக்க நேரிட்டது.

கலையும் கல்வியும் ஒருங்கே கிட்டுதல் வேண்டும் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது. இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1929 இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி கண்டார். யாழ்ப்பாணத்தில் 1931 இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை, மாணவர்க்குப் படிமுறைத் தேர்வுகளை நடத்தலாயிற்று. 1936 இல் ருக்மணி தேவி அருண்டேல் அம்மையார் சென்னை அடையாற்றில் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை போன்ற நட்டுவனாரும், டைகர் வரதாச்சாரியார் போன்ற இசைப் பேரறிஞரும் அங்கே ஆசிரியராய் அமர்ந்தனர். ஆடல் பயில்பவர் பாடவும், தாளம் அறியவும், வடமொழியும் இலக்கியமும் கற்கவும் வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் கொள்கையாயிற்று. அரங்கேற்று காதை கூறும் பல ஆசிரியர் முறையே புதுக்கோலம் பூண்டது எனின் மிகையாகாது.

அவ்விளக்கின் சுடர் கடல் கடந்தும் வந்தது. சிங்கப்பூரில் 1949 இல் இந்திய நுண்கலைக் கழகம் தோன்றியது. 1952 இல் திரு கே. பி. பாஸ்கர் நடனப் பள்ளி தொடங்க, 1955 இல் இங்கு வந்த திருமதி சாந்தா பாஸ்கர் அப்பணியில் இணைந்தார். சீனக் காதற் கதையொன்றைப் பரதநாட்டியத்தில் அவர் அமைத்தது 1958 இல் ஆகும். கலாக்ஷேத்திராவில் பயின்ற திருமதி நீலா சத்தியலிங்கம் 1974 இல் சிங்கப்பூருக்கு வந்து, 1977 இல் தம் கணவருடன் அப்சரஸ் கலைக்கூடத்தை நிறுவினார். அவருக்கு 1989 இலும், சாந்தா பாஸ்கருக்கு 1990 இலும் நாட்டின் உயரிய கலாசாரப் பதக்கம் வழங்கப்பட்டது. இவ்விருவரும் இன்று நம்மிடையே இல்லை. அவர்களிடம் கற்றவர்கள் கற்பித்து வருகின்றனர். மலேசியாவில் 1981 இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி அவர்களின் அருள்நோக்கால் எழுந்த நுண்கலைக் கோயில், இசையையும் நடனத்தையும் வழிபாடாகவே கருதிப் பயிற்றி வருகின்றது.

இத்தனியார் பள்ளிகளோடு அரசுப் பள்ளிகளும் கலைக்கு இடமளித்தன. சிங்கப்பூர் இளையர் விழா 1967 இல் தொடங்கப்பெற்றது. அதன் பயனாக, உயர்நிலைப் பள்ளிகளில் இந்திய நடனக் குழுக்கள் இணைப்பாட நடவடிக்கையாக வளர்ந்தன. சீன, மலாய் மாணவியரும் சலங்கை கட்டி அடவு பயில்வது இங்கு இயல்பான காட்சியாகும். கோயிலில் ஒரு குடிக்கே உரியதாயிருந்த கலை, பள்ளியில் எல்லார்க்கும் பொதுவாயிற்று. இது பெரும்பேறே.

ஆயினும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. பள்ளிக் குழுவினர் சில நிமிட நடனம் ஒன்றினை மேடைக்கெனத் திரும்பத் திரும்பப் பயில்வர். அதற்கு அடிப்படையான அடவுகளை மூன்று காலத்திலும் செய்து பழகப் பொழுது போதாது. போட்டி மனப்பான்மையைக் குறைக்கும் நோக்குடன், 2013 முதல் தங்கம், வெள்ளி விருதுகளுக்கு மாற்றாகத் தகுதிச் சான்றிதழ் முறை கொண்டுவரப்பட்டது. முறை மாறினும், ஆழ்ந்த பயிற்சிக்கு வீடும் நடனப் பள்ளியுமே துணையாதல் வேண்டும். ஆனால் பதினைந்து, பதினாறு வயதில் உயர்நிலை இறுதித் தேர்வோ எஸ்.பி.எம். தேர்வோ நெருங்கியதும், பல இல்லங்களில் முதலில் நிறுத்தப்படுவது பாட்டு வகுப்பும் நடன வகுப்புமே. வர்ணம் கற்கும் நிலைக்கு வந்து, பத்தாண்டு உழைப்பின் கனியைப் பறிக்கும் தறுவாயில் மரத்தை விட்டு இறங்கியதற்கு இஃது ஒப்பாகும். பாய்ஸ் கம்பெனிச் சிறுவர்க்குக் கலை கிட்டியது, கல்வி கிட்டவில்லை. நம் பிள்ளைகட்குக் கல்வி கிட்டுகின்றது, கலை பாதியில் நின்றுவிடுகின்றது.

ஆண் பிள்ளைகளின் நிலையோ இன்னும் கவலைக்குரியது. திருமுறை வகுப்பில் கணீரெனப் பாடிய சிறுவன், பதின்மூன்று பதினான்கு வயதில் குரல் உடைந்ததும் நாணி ஒதுங்கிவிடுகின்றான். அனுபவமிக்க ஆசிரியர் இந்நிலையில் அவனைக் கடிந்துகொள்வதில்லை. சுருதியைத் தாழ்த்தி, உச்ச ஸ்தாயியைத் தவிர்த்து, சிறிது சிறிதாகப் பாடச் செய்வர். குரல் நிலைபெறும் வரை மிருதங்கத்திலோ தாளத்திலோ பழக்கி, வகுப்பை விட்டு நீங்காமல் காப்பர். பெற்றோரும் அப்பருவத்தில் பொறுமை காத்தல் இன்றியமையாதது.

திருக்கோயில்கள் இதில் ஆற்றக்கூடிய பணி பெரிது. நவராத்திரி ஒன்பது இரவுகளிலும் மேடை பெறுவோரில் பதின்ம வயதினர்க்குத் தனியிடம் ஒதுக்கலாம். நாள் வழிபாட்டில் ஒரு பதிகத்தை மாணவர் குழுவிடமே ஒப்படைக்கலாம். தேர்வுக் காலத்தில் வகுப்பை முற்றாக நிறுத்தாமல், வாரம் ஒரு மணி நேரமாகச் சுருக்கித் தொடரலாம். மதிப்பெண்ணோ பரிசோ எதிர்பாராது, இறைவன் திருமுன் பாடவும் ஆடவும் ஓர் இடம் உண்டு என்று அறிந்த பிள்ளை கலையை எளிதில் கைவிடான்.

நாற்பத்தெண்மருக்கும் நெல்லளந்து கொடுத்த இராசராசன் ஒரு வழியைக் காட்டிச் சென்றான். ஆசானைப் பேணி, மாணாக்கனை ஊக்கி, அரங்கும் அளித்தால் கலை தழைக்கும் என்பதே அவ்வழி. பெற்றோரும் ஆசிரியரும் ஆலய அன்பரும் ஒன்றிணைந்து அவ்வழியிற் செல்ல எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணைநிற்பதாக!